லெவலிங் ஜாக் மக்கர் செய்யும்போது செய்யக் கூடாத தவறுகள்

மோட்டார்ஹோமை, அதாவது வீட்டு வசதியுள்ள வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, லெவலிங் ஜாக் என்ற கால்களை இறக்கி வண்டியைச் சமமாக்கும் பட்டனை அழுத்துகிறீர்கள். அடியில் எங்கோ ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நான்கு ஜாக்கில் ஒன்றுகூட அசையவில்லை. மல்டிமீட்டரை எடுத்து பேட்டரியில் வைத்தால் 12.6 வோல்ட். பேட்டரி நல்லாத்தான் இருக்கிறது, சத்தம் வருவதால் பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான சொலினாய்டும் வேலை செய்கிறது, அப்போ ஜாக்கை இயக்கும் பம்ப் மோட்டார்தான் போச்சு என்று முடிவு கட்டுவோம். நானும் கட்டியிருக்கிறேன். புது மோட்டார் வாங்கி மாட்டிய பிறகும் அதே ‘டக்’தான். கடைசியில் பார்த்தால், பம்பின் எர்த் வயரை சேசிஸில் முறுக்கியிருந்த இடத்தில் லக்குக்கு (வயர் முனையில் இருக்கும் உலோக வளையம்) அடியில் துரு. சுரண்டி, இறுக்கி, பட்டனை அழுத்தியதும் நான்கும் இறங்கின. பழைய மோட்டார் இன்னமும் என்னிடம் சும்மா கிடக்கிறது.

அந்த 12.6-உம் சரி, அந்த ‘டக்’கும் சரி, இரண்டுமே பொய்ச்சாட்சிகள். ஜாக் விஷயத்தில் பணம் வீணாவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டையும் நம்புவதுதான்.

லோடு இல்லாமல் வோல்டேஜ் பார்ப்பது

ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் ஜாக் உள்ள வண்டியில் பம்ப் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது. வண்டியின் எடையைத் தூக்கும்போது அது 100 ஆம்பியரோ அதற்கு மேலோ இழுக்கும். மல்டிமீட்டர் இழுப்பதோ ஒன்றுமே இல்லை என்று சொல்லும் அளவுதான். விரல் தடிமன் கேபிளில் எல்லாம் அறுந்து ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டரில் 12.6 வந்துவிடும். அந்த ஒற்றை இழையை நம்பி மோட்டார் எப்படிச் சுற்றும்?

சரி, ஓம்ஸில் வைத்துப் பார்க்கலாமே என்றால் அதிலும் இதே ஏமாற்றுதான். இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தால் 100 ஆம்பியர் ஓடும்போது 1 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். 100 வாட் சூடாக மாறி லக்கைச் சுடவைக்கும். சாதாரண மீட்டரால் 0.01 ஓமைக் காட்டவே முடியாது, அதன் இரண்டு வயர்களின் தடையே அதைவிடப் பல மடங்கு. ‘பீப்’ சத்தம் வந்தால் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நினைப்பது சன்னமான சிக்னல் வயர்களுக்குப் பொருந்தும், பம்ப் கேபிளுக்குப் பொருந்தாது.

பார்க்க வேண்டிய விதம் வேறு. ஒருவர் பட்டனை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் அளக்க வேண்டும். முதலில் பேட்டரியின் ஈயக் குமிழிலேயே மீட்டர் முனைகளை வையுங்கள், அதன் மேல் மாட்டியிருக்கும் கிளாம்பில் வேண்டாம். பட்டனை அழுத்தும்போது 10.5-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியே தளர்ந்திருக்கிறது, மற்றதெல்லாம் அப்புறம். அது தாங்கினால், சிவப்பு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பை மோட்டாரின் பாசிட்டிவ் போல்ட்டிலும் வையுங்கள். பட்டனை அழுத்தியபடி மீட்டர் காட்டுவது அந்த வழியில் தொலைந்துபோகும் வோல்டேஜ். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. இதையே பேட்டரி நெகட்டிவ் குமிழுக்கும் மோட்டார் உடம்புக்கும் இடையிலும் செய்யுங்கள். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

என் வண்டியில் நெகட்டிவ் பக்கம் கிட்டத்தட்ட 11 வோல்ட் காட்டியது. அதற்கப்புறம் வேலை சுலபம். ஒரு முனையை பேட்டரி குமிழிலேயே விட்டுவிட்டு மற்றொன்றை அடி அடியாக நகர்த்திக்கொண்டே போனேன். குமிழிலிருந்து கிளாம்ப்: பூஜ்யம். சேசிஸ் இரும்பு: 0.1. அந்த இரும்பில் முறுக்கியிருந்த லக்: 11. ஒரு விரல் அகலத்துக்குள் 11 வோல்ட் காணாமல் போயிருந்தது. சொலினாய்டு சுருளின் எர்த் வேறு இடத்தில் இருந்ததால் அது மட்டும் ஒழுங்காக ‘டக்’ என்றது.

எர்த்தைச் சுத்தம் செய்யும்போது நட்டை மட்டும் இறுக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். லக்கைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். கிரீஸோ பெயின்ட்டோ பூசுவது இறுக்கிய பிறகு, வெளிப்பக்கம்.

இந்தச் சோதனையில் ஒருவர் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க இன்னொருவர் கை பம்ப் அருகே இருக்கும். அதனால் ஒன்றைக் கறாராகவே சொல்கிறேன். ஜாக் தூக்கி நிற்கும் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். லெவலிங் ஜாக் வண்டியைச் சமமாக்குவதற்கானது, ஆளைக் காப்பதற்கானது இல்லை. வால்வு திறந்தால் வண்டி அப்படியே இறங்கும். ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் காற்று இறங்கும்போது இன்னும் தாழும். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, சேசிஸுக்கு அடியில் எடை தாங்கும் ஸ்டாண்டு வைக்காமல் தலையை உள்ளே விடவே கூடாது.

‘டக்’ சத்தத்தை நம்புவது

சொலினாய்டுக்குள் இரண்டு வேலை நடக்கிறது. சின்னச் சுருள் ஒன்று காந்தமாகி, செப்புத் தகடு பொருத்திய ஒரு இரும்புத் தண்டை இழுக்கிறது. அந்தத் தகடு இரண்டு பெரிய போல்ட்டுகளையும் இணைக்கிறது. சத்தம் வந்தால் முதல் வேலை நடந்தது என்று மட்டும்தான் அர்த்தம். தகடு பொறி பட்டுப் பட்டுக் கருகியிருந்தால் இழுத்தும் பயனில்லை.

மீட்டரின் இரு முனைகளையும் அந்த இரண்டு பெரிய போல்ட்டுகளில் வையுங்கள். பட்டனை அழுத்தாதபோது பேட்டரி வோல்டேஜ் காட்டும். அழுத்தியதும் 0.2, 0.3-க்குள் இறங்க வேண்டும். ‘டக்’ என்ற பிறகும் 12-லேயே நின்றால் சொலினாய்டை மாற்ற வேண்டியதுதான்.

ஸ்பேனரால் நாலு தட்டு தட்டினால் ஓடிவிடும், உண்மைதான். அந்த நேரத்துக்கு ஜாக்கை மேலேற்றிக்கொண்டு கிளம்ப அது உதவலாம். அதையே மாதக்கணக்கில் வைத்தியமாக வைத்துக்கொண்டால், கருகிய தகடு ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பட்டனை விட்டாலும், சாவியையே எடுத்தாலும் பம்ப் நிற்காது. அப்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டியிருக்கும், அதற்கான ஸ்பேனர் எந்தப் பெட்டியின் அடியில் கிடக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

மாற்றும்போது உருவத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பார்வைக்கு ஒரே அச்சாக இருக்கும். ஆனால் ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்காக, சில விநாடி மட்டும் தாங்கும் வகை. மற்றொன்று நெடுநேரம் தாங்கும் வகை. சிலவற்றில் சுருளின் எர்த் உடம்பு வழியாகவே போகும், சிலவற்றில் தனி முனை இருக்கும். பழையதில் எத்தனை முனை, எந்த வயர் எதில் என்று போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றுங்கள்.

சில பம்புகளில் மோட்டார் இரு திசையிலும் சுற்றும், ஏற்ற ஒரு சொலினாய்டு, இறக்க ஒன்று. ஒரு திசையில் நன்றாக ஓடி மறு திசையில் மட்டும் ஓடவில்லை என்றால் மோட்டாரும் பேட்டரியும் நன்றாக இருக்கிறது என்று வண்டியே சொல்லிவிட்டது. ஓடாத பக்கத்து சொலினாய்டையும் அதற்கு வரும் சிக்னலையும் மட்டும் பார்த்தால் போதும்.

பேனலே எரியாவிட்டால்

ஜாக் பட்டன்கள் உள்ள பேனலில் விளக்கே வராவிட்டால், பலர் நேராக கன்ட்ரோல் போர்டு போச்சு என்பார்கள். ஹேண்ட் பிரேக் சுவிட்ச், சாவி இருக்கும் நிலை, கியர், சில வண்டிகளில் எஞ்சின் ஓடுவது, இவற்றில் ஒன்று குறைந்தாலும் சிஸ்டம் வேண்டுமென்றே மௌனமாக இருக்கும். வண்டி நகரும்போது ஜாக் இறங்கிவிடக் கூடாதே என்பதற்கான ஏற்பாடு அது. ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட்டு இன்னொரு முறை அழுத்திப் போட்டதும் பேனல் உயிர் பெற்றால், பழுது அந்தச் சின்ன சுவிட்சில்.

இன்னொரு குழப்பம், மோட்டார்ஹோமில் பேட்டரி இரண்டு வகை. எஞ்சினுக்கு ஒன்று, வீட்டுப் பகுதிக்கு இன்னொன்று. ஜாக் பம்ப் எதிலிருந்து கரண்ட் எடுக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். பம்ப் ஒன்றிலிருந்தும் பேனல் மற்றொன்றிலிருந்தும் எடுப்பதும் உண்டு. உள்ளே விளக்கெல்லாம் பிரகாசமாக எரிகிறது என்பதால் ஜாக்குக்கும் கரண்ட் இருக்கிறது என்று ஆகிவிடாது. பம்ப் கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போய் அது எந்த பேட்டரியில் முடிகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபியூஸைக் கண்ணால் மட்டும் பார்த்து நல்லது என்று சொல்லிவிட வேண்டாம். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அது இருக்கும் இடத்திலேயே இரு பக்கமும் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பாருங்கள். அடிக்கடி போகிறதே என்று பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போடுவது மடத்தனம். அடுத்தது எரியப்போவது வயர். சில வண்டிகளில் ஃபியூஸுக்குப் பதிலாக, சூடானால் துண்டித்து ஆறியதும் தானே சேரும் பிரேக்கர் இருக்கும். ‘பத்து நிமிஷம் விட்டா மறுபடி ஓடுது’ என்று சொல்வதில் பல இந்த வகை. அது ஏன் சூடாகிறது என்றுதான் தேட வேண்டும்.

வயரைக் குத்திப் பார்ப்பது

டெஸ்ட் லாம்ப்பின் ஊசி முனையால் வயரின் உறையைக் குத்திப் பார்ப்பது மெக்கானிக்குகளுக்குக் கைவந்த பழக்கம். வண்டிக்குள்ளே என்றால் மன்னிக்கலாம். அடியில், சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரில் கிடக்கும் வயரில் அந்த ஓட்டை வழியே ஈரம் புகுந்து, உள்ளே செம்பு களிம்பேறி, சில மாதத்தில் பச்சைப் பொடியாகிவிடும். வெளியே உறை புதுசுபோல் இருக்கும். வயர்கள் இணையும் கப்ளரைக் கழற்றாமலே பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து அளந்தால் இந்தத் தொல்லை இல்லை. கப்ளரைக் கழற்ற நேர்ந்தால் பின்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு பின் பின்னால் நழுவியிருந்தால் கப்ளர் ‘கிளிக்’ என்று மாட்டும், கரண்ட் மட்டும் போகாது.

ஒரு ஜாக்கா, எல்லாமா?

இதைக் கேட்டுக்கொள்ளாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள். எல்லாமே ஓடவில்லை என்றால் பேட்டரி, கேபிள், எர்த், சொலினாய்டு, மோட்டார் என்று பொதுவான வழியில் தேட வேண்டும். ஒன்று மட்டும் ஓடவில்லை என்றால் இவை எதையும் தொட வேண்டாம். அந்த ஜாக்கின் வால்வு, அதன் சுருள், அதற்குப் போகும் வயர், அதற்குக் கட்டளை தரும் போர்டு, இவ்வளவுதான் சந்தேகம்.

வால்வுச் சுருளைச் சோதிக்க எளிய வழி ஒரு ஸ்க்ரூடிரைவர். அந்த ஜாக்கின் பட்டனை அழுத்தியபடி சுருளின் நட்டருகே இரும்பு முனையைக் கொண்டுபோனால் ‘சட்’டென்று இழுக்கும். இழுக்கவில்லை என்றால் கரண்ட் வரவில்லை, அல்லது சுருள் அறுந்திருக்கிறது. சுருளின் ஓம்ஸ் எவ்வளவு இருக்க வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம், பக்கத்துச் சுருளை அளந்து ஒப்பிடுங்கள். மூன்று ஒரே மாதிரி, ஒன்று வேறு மாதிரி என்றால் விடை கிடைத்துவிட்டது.

இரண்டு சுருள்களின் கப்ளர்களை இடம் மாற்றிப் பார்ப்பதும் நல்ல உத்தி. பழுதும் கூடவே இடம் மாறினால் வயரிலோ போர்டிலோ கோளாறு, மாறாவிட்டால் சுருளிலோ வால்விலோ. ஆனால் இடம் மாற்றிய நிலையில் ஆட்டோ லெவலைத் தொடக் கூடாது. இடப்பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று போர்டு கட்டளை கொடுக்க வலப்பக்கம் உயரும், அது மேலும் கொடுக்க மேலும் உயரும். கையால் இயக்கிப் பார்த்துவிட்டு உடனே பழையபடி மாட்டிவிடுங்கள்.

ஜாக் கீழே இறங்குகிறது, மேலே ஏறத்தான் மறுக்கிறது என்றால் கரண்டை மட்டும் சந்தேகிக்காதீர்கள். பல வகைகளில் ஜாக்கை மேலே இழுப்பது ஸ்பிரிங். தண்டில் துருவோ சேறோ இருந்தாலே போதும். ஆயில் அளவை ஜாக்குகள் முழுக்க மேலே இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். இறங்கியிருக்கும்போது குறைவாகத் தெரிகிறதே என்று ஊற்றினால், ஜாக் ஏறும்போது அத்தனையும் டாங்கி வழியப் பொங்கி வெளியே வரும்.

ஆயிலே இல்லாத, ஒவ்வொரு ஜாக்குக்கும் தனி மோட்டார் உள்ள மின் ஜாக்குகளில் கதை கொஞ்சம் வேறு. மோட்டார் ஒரு கணம் சுற்றிவிட்டு எரர் காட்டி நிற்கும். உடனே மோட்டாரைத்தான் மாற்றுவார்கள். சுற்றைக் கணக்கிடும் ஹால் சென்சாரின் சன்னமான வயர் அறுந்திருந்தாலும் இதே அறிகுறிதான். மோட்டார் சுற்றுவது போர்டுக்குத் தெரியாததால் அது நிறுத்திவிடுகிறது.

போர்டும் அலாரமும்

எரர் வந்ததும் பேட்டரியைக் கழற்றி மாட்டி ரீசெட் செய்வது பலருக்குப் பழக்கம். செய்யலாம், ஆனால் அதற்கு முன் திரையில் இருப்பதைப் போட்டோ எடுங்கள். ரீசெட்டோடு தடயமும் போய்விடும். போர்டை மாற்றினால் வண்டி சமமாக இருக்கும் நிலையைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல், புது போர்டும் வண்டியைக் கோணலாக நிறுத்துகிறது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. வண்டியின் சாய்வை அளக்கும் சென்சார் பெட்டியின் ஒரு ஸ்க்ரூ லூசாகியிருந்தாலும் வண்டி கோணலாகத்தான் நிற்கும்.

‘ஜாக் இறங்கியிருக்கிறது’ என்ற அலாரம் ஓட்டும்போது கத்தினால் நிறுத்தி, இறங்கி, நான்கையும் கண்ணால் பாருங்கள். எல்லாம் மேலேதான் இருக்கிறது என்றால் சேறு அடைத்த சுவிட்சாகவோ குறைந்த ஆயிலாகவோ இருக்கலாம். சத்தம் தாங்கவில்லை என்று பஸ்ஸர் வயரை வெட்டிவிடாதீர்கள். அடுத்த முறை நிஜமாகவே ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒன்றுமே பலிக்காமல் ஜாக் கீழேயே மாட்டிக்கொண்டால், பெரும்பாலான ஹைட்ராலிக் சிஸ்டங்களில் வால்வைக் கையால் திறக்க வழி உண்டு. எந்தத் திருகு, எத்தனை சுற்று என்பது மேனுவலில் இருக்கும். திறக்கும்போது ஒதுங்கி நில்லுங்கள், வண்டி இறங்கும். வேலை முடிந்ததும் அந்தத் திருகை இறுக மூடுங்கள். அரைகுறையாக விட்டால் அடுத்த முறை சமமாக நிறுத்திய வண்டி ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பக்கம் சாயும், நீங்களும் காலையில் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வயரில் தேட ஆரம்பிப்பீர்கள்.