ஜிடிஏ 5: ஆள் மாறும்போது எல்லாரும் செய்கிற தவறுகள் (நான் செய்ததும் சேர்த்து)

போன மாதம் சித்தி பையன் லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தான். என் கம்ப்யூட்டரில் ஜிடிஏ 5, அதாவது கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ வீடியோ கேமின் ஐந்தாம் பாகம், ஆடிக்கொண்டிருந்தான், நான் பின்னால் உட்கார்ந்து முறுக்கு தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கேமின் மூன்று நாயகர்களில் ஒருவனான ஃபிராங்க்ளினாக ஆடி, அவன் போனை எடுத்தான், ஷேர் வாங்கினான், காரில் ஏறினான், நேராக, வேலை கொடுக்கும் லெஸ்டர் கூப்பிடுகிற கட்டணத் தொலைபேசியை நோக்கி விட்டான். "டேய், மத்த ரெண்டு நாயகர்கள் மைக்கேல், ட்ரெவர் என்ன ஆச்சு?" என்றேன். "அவங்களுக்கு என்ன அண்ணா, மூணு பேர் பணமும் ஒண்ணுதானே?" என்றான்.

முறுக்கு தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஏனென்றால் ஏறக்குறைய அதே தவறை அதே இடத்தில் நானும் செய்திருக்கிறேன், அதுவும் பத்து நாள் ஆடிச் சேர்த்த சேவ் ஃபைலில்.

அதனால்தான் இது. ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்தால் மூன்று பேர் முகமும் உள்ள சக்கரம் வரும், கன்ட்ரோலரில் டி-பேடின் கீழ்ப்பக்கம், இதையெல்லாம் கேமே சொல்லிக்கொடுத்துவிடும், நான் சொல்லப்போவதில்லை. கதையின் முடிவைப் பற்றியும் கொஞ்சம் வருகிறது, இன்னும் முடிக்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நம்ம ஆள்" என்று ஒருவனை வைத்துக்கொள்வது

வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் என்கிற பழைய ஜிடிஏ கேம்கள் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறிய பழக்கம். அங்கே டாமி என்றால் டாமி, சிஜே என்றால் சிஜே, ஒரே ஆள். 2013இல் வந்த ஐந்தாவது பாகத்தில்தான் மூன்று பேரை ஒரே கதையில் மாற்றி மாற்றி ஆடும்படி வைத்தார்கள். நம் மனசு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஒருவனைப் பிடித்துப்போகும், பெரும்பாலும் ஃபிராங்க்ளினை, அப்புறம் அவனை விட்டு நகரவே மாட்டோம்.

ஆனால் இந்த மூவரும் ஒரே ஆளின் மூன்று சட்டை கிடையாது. ஒருவன் பணம் இன்னொருவனுக்கு இல்லை. துப்பாக்கி, தோட்டா, வண்டி, வீடு எல்லாம் தனித்தனி. ஓட்டுவது, சுடுவது, பறப்பது, மூச்சுப் பிடிப்பது என்று திறமைகளும் ஆளாளுக்குத் தனியாகத்தான் ஏறும். ஃபிராங்க்ளினை வைத்து நாள் முழுக்க ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகினால் மைக்கேல் பைலட் ஆகிவிட மாட்டான். மேப்பில் தெரியும் புது ஆட்களின் சின்ன மிஷன்களும் அப்படித்தான், இன்னாருக்கு என்று எழுதி வைத்திருக்கும், வேறு ஆளாகப் போய் நின்றால் அங்கே ஒன்றுமே நடக்காது. ஒருவனையே ஆடினால் கேமில் பாதி உங்கள் கண்ணிலேயே படாது.

சண்டை நடுவே மாறாமல் இருப்பது

"பிளிட்ஸ் பிளே" மிஷன் இதற்கு நல்ல உதாரணம். கீழே சண்டை, ட்ரெவர் மட்டும் உயரத்தில் ஸ்னைப்பரோடு. புதிதாக ஆடுகிறவர்கள் கீழேயே ஒரு காருக்குப் பின்னால் பதுங்கி, வருகிறவனை எல்லாம் எட்டி எட்டிச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். திரையின் வலது கீழ் மூலையில் ஒரு முகம் சிவப்பாக மின்னும். அது அலங்காரத்துக்கு இல்லை, அந்த ஆள் சாகப்போகிறான் என்று அர்த்தம். அவன் செத்தால் நீங்கள் நூறு பேரைச் சுட்டிருந்தாலும் மிஷன் தோல்விதான்.

இன்னொன்று. மாறுவதற்கு முன்னால் இருக்கிற ஆளை மறைவில் நிறுத்திவிட்டு மாறுங்கள். நடுரோட்டில் நின்றபடியே மாறினால் அப்புறம் அவனைக் கவனிக்க வேண்டியது கம்ப்யூட்டர், அது கவனிக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும்.

தனித்திறமையை மறப்பது

மைக்கேல் சுடும்போது நேரம் மெதுவாகும், ஃபிராங்க்ளினுக்கு ஓட்டும்போது. ட்ரெவருக்கு வெறி பிடித்தால் அடி கூட விழும், அவன் மேல் படுவது குறையும். கீபோர்டில் கேப்ஸ் லாக். பயன்படுத்துங்கள், பூஜைக்கு வைக்கவில்லை.

வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு மாறுவது

போய்விடும். காசு கொட்டி மாற்றியமைத்த காராக இருந்தால் கராஜில் ஏற்றிவிட்டு மாறுங்கள்.

ட்ரெவர் விட்ட இடத்திலேயே இருப்பான் என்று நம்புவது

மிஷன் இல்லாத நேரத்தில் மாறினால் கேமரா வானத்துக்கு ஏறி, நகர்ந்து, மறுபடி கீழே இறங்கும். அது இறங்குகிற இடத்தில் உங்கள் ஆள் தன் வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருப்பான். மைக்கேல் என்றால் பெரும்பாலும் நல்ல குடும்பஸ்தன் மாதிரி எங்காவது உட்கார்ந்திருப்பான். ட்ரெவர் அப்படி இல்லை. ஒரு தடவை மலை உச்சியில் பெண்கள் கவுனைப் போட்டுக்கொண்டு போதை தெளிந்து எழுந்தான். இன்னொரு தடவை கேமரா இறங்கும்போதே பின்னால் போலீஸ் சைரன், என்ன செய்தான், எதற்குத் துரத்துகிறார்கள் என்று எனக்கே தெரியாது.

இதைச் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அடுத்த தலைப்பில் என் பணம் போனதற்கு இந்த சைரன்தான் காரணம்.

மூன்று பேரிலும் பணம் போடாமல் லெஸ்டரின் மிஷனைத் தொடங்குவது

இதுதான். இன்றைக்கும் நினைத்தால் எரிகிறது.

தெரியாதவர்களுக்காக: லெஸ்டர் என்கிற ஆள் ஃபிராங்க்ளினுக்கு ஐந்து கொலை வேலைகள் தருவான். பெரும்பாலும் ஒரு கொலையில் ஏதோ ஒரு கம்பெனி அடிவாங்கும், அதன் போட்டிக் கம்பெனியின் ஷேர் ஏறும். கேமில் இரண்டு ஷேர் மார்க்கெட் உண்டு, எல்சிஎன் ஒன்று, பாசாக் ஒன்று. மிஷனுக்கு முன்னால் ஏறப்போகும் ஷேரை வாங்கி வைக்க வேண்டும், ஏறியதும் விற்க வேண்டும், பல சமயம் விழுந்து கிடக்கிற கம்பெனி சில நாளில் எழுந்துகொள்ளும், அதையும் வாங்கினால் இரண்டாவது லாபம்.

முதல் வேலையான ஹோட்டல் கொலையைச் செய்தால்தான் கதை நகரும், அதைத் தள்ளிப்போட வழியில்லை. மிச்சம் நான்கையும் தொடாமல் வைத்திருக்க வேண்டும். கதை முழுக்க முடிந்து, கடைசிப் பெரிய கொள்ளையின் பங்கு ஆளுக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் வந்த பிறகு செய்ய வேண்டும். நான் முதல் தடவை ஆடியபோது இது எதுவும் தெரியாமல், ஃபிராங்க்ளினிடம் டீக்காசு இருந்த காலத்திலேயே ஐந்தையும் முடித்துவிட்டேன். அது போகட்டும், அறியாமை. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை அப்படி இல்லை. எல்லாம் தெரிந்தே ஆடினேன். நான்கு வேலைகளையும் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். கதை முடிந்தது, மூன்று பேரிடமும் பணம் வந்தது, நோட்டில் எந்த மிஷனுக்கு எந்த ஷேர் என்று எழுதிக்கூட வைத்திருந்தேன். அடுத்தது நான்கு பேரைக் கொல்கிற மிஷன். ரெட்வுட் என்கிற சிகரெட் கம்பெனியிடம் காசு வாங்கிய ஜூரிகள் அவர்கள். அவர்கள் செத்தால் ரெட்வுட் விழும், போட்டியான டெபோனேர் ஏறும். சரி, மைக்கேலாக மாறினேன், போனில் எல்சிஎன் திறந்து இருந்த பணம் அத்தனைக்கும் டெபோனேர் வாங்கினேன். ட்ரெவராக மாறினேன். சைரன்.

பத்து நிமிஷம் ஓடினேன். பாலத்துக்கு அடியில் ஒளிந்து, மண் ரோட்டில் இறங்கி, ஒரு வழியாக, போலீஸ் தேடுவதைக் காட்டும் ஸ்டார் எல்லாம் மறைந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டு ஃபிராங்க்ளினுக்கு மாறி, அவனுக்கும் ஷேர் வாங்கி, போய் அந்தத் தொலைபேசியை எடுத்துவிட்டேன். ட்ரெவராக மாறியது எதற்கு என்பது போலீஸோடு சேர்ந்து என் மண்டையிலிருந்தும் போயிருந்தது. மிஷன் முடிந்து, தூங்கி எழுந்து, விலை ஏறியதும் விற்கலாம் என்று ட்ரெவரின் போனைத் திறந்தபோதுதான் அவனிடம் ஒரு ஷேர்கூட இல்லை என்று தெரிந்தது.

எவ்வளவு போச்சு என்று கேட்கிறீர்களா? 2.5 கோடி டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபோனேர் சுமார் 80 சதவீதம் ஏறும், 4.5 கோடி. அதை விற்றுவிட்டு, விழுந்து கிடக்கிற ரெட்வுட்டை வாங்கிப் பொறுமையாக இருந்தால் அது சுமார் 300 சதவீதம் ஏறும், அதாவது நான்கு மடங்கு, 18 கோடி. ஒரே மிஷனில் இவ்வளவு. மீதி மூன்று மிஷன்களும் இந்த 18 கோடியின் மேல்தான் ஏறும். கேமில் வாங்கக்கூடிய, எல்லாரும் வாய் பிளக்கிற அந்த கோல்ஃப் கிளப்பின் விலை 15 கோடி. ட்ரெவர் அதை வாங்கிவிட்டு மிச்சச் சில்லறையில் பீர் குடித்திருப்பான். பதிலாக 2.5 கோடியோடு தன் டிரெய்லரில் உட்கார்ந்திருந்தான். பழைய சேவ் லோட் பண்ணலாமே என்றால், தூங்கும்போது வருகிற சேவில் கண்ணை மூடிக்கொண்டு அதே ஸ்லாட்டின் மேலேயே எழுதி வைத்திருந்தேன். மிஷனைத் திரும்ப ஆடிப் பார்க்கிற வசதி இருக்கிறது, ஆனால் அதில் ஆடினால் ஷேர் விஷயம் எதுவும் சேராது.

ரெட்வுட்டையாவது ட்ரெவருக்கு வாங்கினாயா என்று யாராவது கேட்பீர்கள். வாங்கினேன். அந்த நான்கு மடங்கு கிடைத்தது. முதல் 80 சதவீதம் போனது போனதுதான், அதனால் மற்ற இருவரும் 18இல் நிற்கும்போது இவன் 10இல் நின்றான். கடைசி வரைக்கும் அந்த இடைவெளி குறையவில்லை, ஒவ்வொரு மிஷனுக்கும் அகலமாகிக்கொண்டே போனது. சக்கரத்தைத் திறக்கும்போதெல்லாம் அவன் என்னை முறைப்பது மாதிரியே இருக்கும்.

ஆக, வரிசை இதுதான். முதலில் தனி ஸ்லாட்டில் ஒரு சேவ். போனில் இருக்கிற குவிக் சேவ் போதும், அதில் நேரம் நகராது. அப்புறம் ட்ரெவர், முதலிலேயே, ஏனென்றால் தொல்லை இருந்தால் அவனிடம்தான் இருக்கும். பிறகு மைக்கேல். ஃபிராங்க்ளின் கடைசி, மிஷன் அவனுடையது, வேறு யாராகவும் மாறாமல் அப்படியே போய் ஆரம்பித்துவிடலாம். ஒவ்வொருவரையும் விட்டு நகர்வதற்கு முன் போர்ட்ஃபோலியோ பக்கத்தைத் திறந்து ஷேர் விழுந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வாங்கினேன் என்கிற ஞாபகத்தை நம்பாதீர்கள், நான் நம்பிக் கெட்டேன். மிஷன் தொடங்கிய பிறகு மற்ற இருவராக மாறிப் பணம் போட முடியாது.

விற்பதும் தனித்தனிதான்

வாங்கும்போது மூன்று பேரையும் ஞாபகம் வைத்திருந்தவர்கள் விற்கும்போது விடுகிறார்கள். ஷேர் உச்சத்திலேயே நிற்காது, இறங்கும். ஒருவன் போனில் விற்றால் மற்றவர்களுடையது தானாக விற்காது.

காத்திருக்க வேண்டிய நேரத்தில் ட்ரெவரைத் தூங்க வையுங்கள். அவன் ஒரு தடவை படுத்தால் 12 மணி நேரம் ஓடிவிடும், ஃபிராங்க்ளினுக்கு 8, மைக்கேலுக்கு 6. ஆனால் விலை உச்சத்தை நெருங்கும்போது மைக்கேலை வையுங்கள். 12 மணி நேரத் தூக்கத்தில் உச்சமும் வந்து போய் இறங்கியும் விடலாம்.

பாசாக்கையும் எல்சிஎன்னையும் ஒன்றென்று நினைப்பது

பாசாக் ஆன்லைன் சர்வரோடு இணைந்தது, நெட் இல்லை என்றால் திறக்காது. அது திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மிஷனுக்குப் போங்கள்.

முடிவில் ஒருவனைக் கொல்வது

கடைசியில் ஃபிராங்க்ளினிடம் மூன்று வழி கேட்பார்கள். ஏ என்றால் ட்ரெவர் சாவான், பி என்றால் மைக்கேல். கதைக்கு எது பொருத்தம் என்று மணிக்கணக்காக வாதம் செய்யலாம், நானும் செய்திருக்கிறேன். ஆனால் செத்தவன் சக்கரத்திலிருந்தும் போய்விடுவான், திரும்ப வரமாட்டான். மேலே சொன்ன கணக்கு முழுக்கக் கதை முடிந்த பிறகு நடப்பது, அதை மூன்று பேருக்குப் பதில் இரண்டு பேரை வைத்துச் செய்ய வேண்டி வரும்.

சி எடுங்கள், மூவரும் பிழைப்பார்கள்.

சித்தி பையன் சி எடுத்திருந்தான், அது வரைக்கும் புத்திசாலி. தொலைபேசிக்குப் பத்தடி முன்னால் காரை நிறுத்த வைத்து ட்ரெவராக மாறச் சொன்னேன். கேமரா மேலே ஏறி, கடற்கரைப் பக்கம் நகர்ந்து, கீழே இறங்கியது. ஜட்டியோடு மணலில் கிடந்தான். "போனை எடு, முதல்ல ஷேரை வாங்கு, அப்புறம் பேண்ட் தேடலாம்" என்றேன்.