பல வெளி வன்தட்டுகளுக்கு யூ.எஸ்.பி வழியே போதிய மின்சாரம் கொடுப்பது எப்படி

கல்யாண வீட்டு, சாமத்திய வீட்டு வீடியோக்களை ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும் யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோக்களில், ஒரே மடிக்கணினியில் மூன்று நான்கு வெளி வன்தட்டுகளை ஒன்றாக இணைக்க வேண்டிய தேவை அடிக்கடி எழுகிறது. அப்போது ஒரு தட்டு திரையில் தோன்றித் தோன்றி மறைந்தாலோ, டிக் டிக் என்று ஒலித்தாலோ, உடனே அதைப் பழுது என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதை மட்டும் தனியாக, கட்டையான வயரில், கணினியிலேயே நேரடியாக இணைத்துப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால், குறை பெரும்பாலும் மின்சாரத்தில்தான் இருக்கிறது.

யூ.எஸ்.பி 2.0 போர்ட் 5 வோல்ற்றில் 500 மில்லி அம்பியரும், 3.0 போர்ட் 900 மில்லி அம்பியரும் தரவேண்டும் என்பது நியமம். 2.5 அங்குல வன்தட்டொன்று ஓடும்போது அரை அம்பியர் அளவில் எடுத்தாலும், நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் முதற் சில விநாடிகளில் ஏறத்தாழ 1 அம்பியர் வரை இழுக்கக்கூடும். எனவே கணக்கை அந்தத் தொடக்கத்தை வைத்தே போடவேண்டும்: நான்கு தட்டுகளுக்கு 4 அம்பியர், அதாவது 20 வாற். ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாக்கித் தரும் பெட்டியான ஹப்பில், தனக்கென அடப்டர் இல்லாதது, கணினியின் ஒரே போர்ட் தருவதைத்தான் நான்காகப் பங்கிடுகிறது என்பதால், அது இந்த வேலைக்கு உதவாது; அடப்டருடன் வரும் ஹப்பே வேண்டும். 3.5 அங்குலத் தட்டுகளுக்கு 12 வோல்ற்றும் தேவைப்படுவதால், அவற்றுக்குரிய அடப்டரைத் தவிர்க்க வழியில்லை.

ஹப் வாங்கும்போது எத்தனை போர்ட் என்று பார்ப்பதற்கு முன், அதன் அடப்டரில் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். 5 வோல்ற், 2 அம்பியர் என்றிருந்தால் அது 10 வாற் மட்டுமே; ஏழு போர்ட் இருந்தும் பயனில்லை. 12 வோல்ற், 3 அம்பியர் அடப்டருடன் வருவது 36 வாற் என்பதால், நான்கு தட்டுகளுக்குத் தாராளமாகப் போதும். அடப்டர் பழுதானால் அதே வோல்ற்றளவும் அதே முனைவுத்தன்மையும் (பிளக்கில் + எது, − எது என்பது) உள்ளதையே மாற்றவேண்டும். பிளக் பொருந்துகிறது என்பதற்காக 5 வோல்ற் ஹப்பில் 12 வோல்ற்றைச் செருகினால் ஹப்புடன் தட்டுகளும் எரிந்துபோகலாம். நீண்ட, மெல்லிய வயர்களில் வோல்ற்றளவு வழியிலேயே குறைந்துவிடும். தட்டுடன் வந்த வயரே நல்லது.

எங்களூரில் இதைவிடப் பெரிய தொல்லை மின்வெட்டு. கரண்ட் நின்றாலும் மடிக்கணினி தன் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும். ஹப்போ அந்தக் கணமே அணைந்து, எழுதிக்கொண்டிருந்த கோப்புகளோடு, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் தட்டின் கோப்பு அட்டவணையும் சிதையக்கூடும். ஆகவே வீட்டில் ஒரு யூ.பி.எஸ் மட்டுமே இருக்குமானால், அதில் மடிக்கணினியின் சார்ஜரை அல்ல, ஹப்பின் அடப்டரையும் 3.5 அங்குலத் தட்டுகளின் அடப்டர்களையும் செருகுங்கள். யூ.பி.எஸ் இல்லாதவர்கள், கரண்ட் திரும்பும்போது எல்லாத் தட்டுகளும் ஒரே நேரத்தில் சுழலத் தொடங்கும் என்பதை நினைவில் வைத்து, ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனி ஆளி உள்ள ஹப்பாகத் தேர்ந்து, ஒன்று நிதானமாக ஓடத் தொடங்கிய பின் அடுத்ததைப் போடலாம். அணைக்கும்போது முதலில் கணினியில் தட்டை வெளியேற்றிய பின்பே ஆளியில் கை வைக்கவேண்டும்.

எல்லாவற்றையும் பொருத்திய பின், முக்கியமல்லாத பெரிய கோப்புகளை எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே நேரத்தில் பிரதிசெய்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். எதுவும் துண்டிக்கப்படாமலும், அடப்டர் கை வைக்க முடியாத அளவு சுடாமலும் இருந்தால், உண்மையான வேலையை அதில் தொடங்கலாம்.