மலிவு விலை பவர் சப்ளையை வைத்துக் கணினி பூட்டுவது எப்படி?

கேசிங்குடன் (கணினிப் பெட்டியுடன்) சேர்ந்து வரும் மலிவான பவர் சப்ளையைப் பயன்படுத்தலாமா என்று இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்குக் கணினி தேவை. வீட்டுக்கு வருவதோ தோட்டச் சம்பளம். அவர்களிடம் "நல்லதாகப் பார்த்து வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. பயன்படுத்தலாம். அது தாங்கும் அளவைத் தெரிந்துகொண்டு அதற்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். தனியாகக் கிராபிக்ஸ் கார்ட் போடப்போகிறவர்கள் மட்டும் நல்ல பவர் சப்ளைக்குக் காசு சேரும்வரை பொறுத்திருங்கள்.

படி 1: ஸ்டிக்கரைப் படியுங்கள்

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். கொட்டை எழுத்தில் இருக்கும் "500 வாட்ஸ்" என்பதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். பக்கவாட்டில் உள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். இப்போது என் மேசையில் இருக்கும் பவர் சப்ளையில் 3.3 வோல்ட்டுக்கு 22, 5 வோல்ட்டுக்கு 25, 12 வோல்ட்டுக்கு 16 அம்பியர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெருக்கினால் முறையே 72.6, 125, 192 வாட்ஸ். மூன்றையும் கூட்டினாலும் 390ஐத் தொடவில்லை. அட்டவணையில் மிச்சமுள்ள சில்லறை எண்களைச் சேர்த்தாலும் 500 வராது.

இன்றைய மதர்போர்ட்கள் ப்ராசஸருக்கு வேண்டிய மின்சாரத்தை 12 வோல்ட்டிலிருந்தே எடுக்கின்றன. ஆகவே உங்கள் கையில் இருப்பது 192 வாட்ஸ் மட்டுமே. மலிவுப் பொருளில் அதையும் முழுதாக நம்பக்கூடாது. பாதியை, அதாவது 100 வாட்ஸ் அளவை, எல்லையாக வைப்பது என் வழக்கம்.

படி 2: ப்ராசஸரைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுங்கள்

65 வாட்ஸ் அளவுள்ள இன்டெல் ஐ5-6500 போன்ற பழைய ப்ராசஸர், இரண்டு ரேம், ஒரு எஸ்எஸ்டி என்றால் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஐ5-12400க்கும் 65 வாட்ஸ் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் வேகமெடுக்கும்போது அது 117 வாட்ஸ் வரை இழுக்கும். அதற்கு இந்தப் பவர் சப்ளை வேண்டாம்.

படி 3: பூட்டுவதற்கு முன் வெளியே வைத்துச் சோதியுங்கள்

பின்பக்கத்தில் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230இல் இருக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். 115இல் விட்டுச் செருகினால் அந்தக் கணமே வெடித்துவிடும்.

எதையும் இணைக்காமல், பிளக்கைக் கழற்றிய நிலையில், 24 பின் இணைப்பில் உள்ள ஒரே பச்சை வயரையும் அதன் பக்கத்துக் கறுப்பு வயரையும் ஒரு சிறு கம்பித் துண்டால் இணையுங்கள். பிறகு பிளக்கைச் செருகிச் சுவரில் சுவிட்சைப் போடுங்கள். விசிறி சுழன்றால் உயிர் இருக்கிறது என்று மட்டும் அர்த்தம். சுமை ஏறினால் என்ன ஆகும் என்பதை இந்தச் சோதனை காட்டாது. சிறு விளக்குகள் எரியும் பவர் சப்ளை டெஸ்டர்களை நான் வாங்கச் சொல்லாததற்கும் இதுவே காரணம். அந்தக் காசுக்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்குங்கள்.

பவர் சப்ளைப் பெட்டியைத் திறந்து பார்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது சிறிது நேரம் நிற்கும்.

படி 4: பூட்டிய பின் சுமையோடு அளந்து பாருங்கள்

24 பின்னையும், ப்ராசஸருக்குப் பக்கத்தில் வரும் 4 அல்லது 8 பின்னையும் செருகிக் கணினியை இயக்குங்கள். மல்டிமீட்டரை நேரோட்ட (DC) வோல்ட்டில், 20 வரையுள்ள அளவில் வையுங்கள். மிச்சமிருக்கும் மோலெக்ஸ் (நான்கு பின் உள்ள பெரிய) இணைப்பில் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும் சிவப்பு முனையை மஞ்சளிலும் வைத்துப் பிடியுங்கள். முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. சும்மா இருக்கும்போது வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, ப்ராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் ஏதாவது மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 11.4க்குக் கீழும் 12.6க்கு மேலும் போகக்கூடாது. 12.1இல் நின்றது சுமையில் 11.3க்கு இறங்கினால், கணினி அப்போது ஒழுங்காக ஓடினாலும் அந்தப் பவர் சப்ளையைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். திரையில் மென்பொருள் காட்டும் வோல்ட்டை நான் நம்புவதில்லை. மீட்டர் காட்டுவதே கணக்கு.

பின்சேர்க்கை: கேசிங்கைத் தொட்டால் விறுவிறுவென்று இழுக்கிறது என்று பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். தோட்டத்து லயன் (வரிசை) வீடுகளில் இது அடிக்கடி நடப்பது. பவர் சப்ளையின் உள்ளே வரும் மின்சாரத்தை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் எர்த் வயரோடு இணைந்திருக்கும். சோக்கட்டில் எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு போக வழியின்றிக் கேசிங்கிலேயே நிற்கிறது. பவர் சப்ளையை மாற்றினாலும் தீராது. எர்த் பின்னை ஒடித்துவிடுவது, தண்ணீர்க் குழாயில் வயரைக் கட்டுவது இரண்டுமே ஆபத்து. மின் வேலை தெரிந்தவரை அழைத்து எர்த்தையும், மின்சாரம் கசிந்தால் தானாக அணையும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொருவர் மின்னலைப் பற்றிக் கேட்டிருந்தார். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கும் முன்பே பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ரௌட்டரிலிருந்து கணினிக்கு வரும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.