சீனப் புத்தாண்டு இரவுக்கான ஜியாவ்சி: தொடக்கநிலையினருக்கான செய்முறை

வட சீனக் குடும்பங்களில் சந்திர நாட்காட்டியின் கடைசி இரவு பெரும்பாலும் மாவுப் பலகையைச் சுற்றியே கழிகிறது. இரவு 11 மணி முதல் 1 மணி வரையிலான பொழுதைப் பழஞ்சீனக் கணக்கில் ‘சி’ என்பார்கள். ‘ஜியாவ்’ என்ற ஒலி ஒன்று மற்றொன்றுக்கு வழிவிடுவதையும் குறிப்பதால், ஆண்டு மாறும் அந்த நள்ளிரவில், பூரணம் வைத்து மடித்து நீரில் வேகவைக்கும் மாவுப் பண்டமான ஜியாவ்சியை உண்பது வழக்கமாயிற்று. தெற்கே நியன்காவ் என்னும் அரிசிமாவுப் பண்டத்துக்கே அன்று முதலிடம்.

முதலில் அரை கிலோ மைதாவில் ஏறக்குறைய 250 மில்லி தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுக் கெட்டியாகப் பிசையுங்கள். கொழுக்கட்டை மாவுக்கு ஊற்றுவதுபோல் இதற்கு வெந்நீர் வேண்டாம். பச்சைத் தண்ணீரில் பிசைந்த மாவுதான் கொதிநீரில் கிழியாமல் தாங்கும். ஈரத்துணியால் மூடி அரை மணி நேரம் வையுங்கள்.

அதற்குள் பூரணத்தைத் தயாரிக்கலாம். 400 கிராம் பன்றிக் கொத்துக்கறியும் அதே எடையில் சீன முட்டைக்கோசும் வழக்கமான சேர்மானம். புதியவர்கள் சறுக்குவது முட்டைக்கோசில்தான். அதைப் பொடியாக நறுக்கி, உப்புப் பிசறி, கால் மணி நேரம் கழித்துத் துணியில் கட்டி முறுக்கிப் பிழியுங்கள். சொட்டச் சொட்ட நீர் இறங்கும். அதைப் பிழியாமல் விட்டால் மடிப்பின் ஓரம் நனைந்து ஒட்டாமல் போய்விடும். பிறகு இஞ்சி, வெங்காயத்தாள், சோயா சாஸ், வறுத்த எள்ளின் எண்ணெய் ஆகியவற்றைக் கறியுடன் சேர்த்து, இழுவைப் பதம் வரும்வரை ஒரே திசையில் கிளறி, கடைசியில் முட்டைக்கோசைக் கலக்குங்கள். புத்தாண்டின் முதல் ஜியாவ்சியைச் சைவமாகவே செய்யும் வீடுகளும் உண்டு. ஆண்டு முழுவதும் சச்சரவின்றிக் கழிய வேண்டும் என்பது அவர்களின் வேண்டுதல்.

மாவைச் சிறு நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக்கினால் அறுபது வரை கிடைக்கும். ஒரு கை வட்டைச் சுழற்ற, மறுகை கட்டையை விளிம்பிலிருந்து நடுப்பகுதிவரை மட்டும் உருட்ட வேண்டும். அப்போது நடு தடித்தும் ஓரம் மெலிந்தும் அமையும். பழகிய கை ஒன்று உருட்ட, மற்றவர்கள் மடிப்பது அங்குள்ள வேலைப் பங்கீடு.

ஒரு தேக்கரண்டிப் பூரணம் வைத்து, சோமாசியைப்போல் அரைவட்டமாக மடித்து, ஓரத்தை அழுத்தி மூடுங்கள். பழைய வெள்ளிக்கட்டியின் வடிவை ஒத்திருப்பதால் இது செல்வத்தின் அடையாளம். ஏதேனும் ஒன்றினுள் கழுவிய நாணயத்தை ஒளித்து வைப்பார்கள்; பல்லுக்கு அஞ்சுவோர் வேர்க்கடலை வைக்கலாம்.

நீர் நன்கு கொதித்ததும் ஜியாவ்சிகளை இட்டு, அடிப்பிடிக்காமல் கரண்டியின் முதுகால் மெல்லத் தள்ளிவிடுங்கள். மீண்டும் கொதிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு குவளை குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். மூன்று முறை ஊற்றிக் கொதித்தபின், உப்பி மிதப்பவற்றை அரித்தெடுக்கலாம். ஒன்றிரண்டு பிளந்துகொண்டால் ‘உடைந்தது’ என்று அன்று எவரும் சொல்வதில்லை; ‘சம்பாதித்தது’ என்று பொருள்படும் ‘ஜெங்’ என்ற சொல்லால் சமாளித்துவிடுவார்கள்.

தொட்டுக்கொள்ளக் கறுப்பு வினிகரும், அதில் ஊறிப் பச்சை நிறமேறிய பூண்டும் வேண்டும். அந்தப் பூண்டைப் பன்னிரண்டாம் சந்திர மாதத்தின் எட்டாம் நாளிலேயே, அதாவது மூன்று வாரங்களுக்கு முன்பே, ஊறப்போட்டிருக்க வேண்டும்.