கொச்சி மரைன் டிரைவில் குடியேற வருபவர்களுக்கு

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர் பக்கமிருந்து வேலை மாற்றலாகி எர்ணாகுளம் வருகிறவர்கள் மரைன் டிரைவ் என்றதும் மெரினாவை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். இங்கே மணலும் இல்லை, அலையும் இல்லை. எதிரே தெரிவது வேம்பநாட்டுக் காயல். கடல் அதற்கும் மேற்கே, வைப்பின் தீவுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவிலுள்ள முகத்துவாரம் தாண்டித்தான். காயலில் மழைக்காலத்தில் ஆற்றுநீரும் கோடையில் உப்புநீரும் மாறி மாறி வரும். கரையோ, நீரைத் தூர்த்து எடுத்த தரை. வாடகை பேசுவதிலிருந்து பத்திரம் பதிவதுவரை இந்த இரண்டும் குறுக்கே வந்துகொண்டே இருக்கும்.

தரை எப்படி வந்தது

மேனகா பஸ் நிறுத்தம் இருக்கும் பெரிய சாலைக்கு ஷண்முகம் ரோடு என்று பெயர். கோவைக்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் பெயர்தான் அது. 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்தின் திவான், பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர். 1980கள் வரை அந்தச் சாலையே காயல் கரையாக இருந்தது. 1976இல் உருவான ஜி.சி.டி.ஏ. எனும் நகர வளர்ச்சி ஆணையம் சாலைக்கு மேற்கே காயலைத் தூர்த்து மனைகளாக்கி விற்றது. இன்றைய வணிக வளாகங்களும் அடுக்குமாடிகளும் வண்டி நுழையாத நடைபாதையும் அந்தத் தரையில் நிற்பவை. கொச்சிக்கு இது பழகிய வேலைதான். 1920இல் வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கப்பல் தடத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் வில்லிங்டன் தீவை உண்டாக்கினார்.

வடக்கே போனால் கதை இன்னும் புதிது. உயர்நீதிமன்றத்தின் ஒன்பது மாடிக் கட்டடம் 2006இல் திறந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2004இல், போல்காட்டி, வல்லார்பாடம், வைப்பின் தீவுகளை நகரத்தோடு இணைக்கும் மூன்று கோஸ்ரீ பாலங்கள் வந்தன. காயலின் ஒரு பகுதியைத் தூர்த்து விற்ற காசில் அந்தப் பாலங்கள் கட்டப்பட்டன. அதற்கும் வடக்கே டாட்டாபுரம். ஒரு காலத்தில் தேங்காய் எண்ணெய் ஆலை இருந்த இடம், இன்று அங்கேயும் கோபுரக் குடியிருப்பு.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'காயல் காட்சி' என்று கூடுதல் விலை கேட்பார்கள். ஷண்முகம் ரோட்டில் பழைய கட்டடக்காரர்களுக்கும் அந்தக் காட்சி இருந்தது. முன்னால் தரை வந்ததும் போய்விட்டது. உங்கள் பால்கனிக்கும் நீருக்கும் நடுவில் காலி மனை கிடந்தால் அது யாருடையது, கட்டட அனுமதி வாங்கியிருக்கிறதா என்று விசாரியுங்கள். நடுவில் நடைபாதை மட்டும்தான் என்றால் அந்த விலைக்கு ஓரளவு அர்த்தம் உண்டு.

நிதி நிறுவன வேலைக்கு வருகிறவர்கள் மும்பையின் பாந்த்ரா-குர்லா போல எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வங்கிக் கிளைகளும் காப்பீட்டு அலுவலகங்களும் ஷண்முகம் ரோடு, பானர்ஜி ரோடு, எம்.ஜி. ரோடு என்று சிதறிக் கிடக்கின்றன. தங்கநகைக் கடனில் பெயர் பெற்ற முத்தூட் ஃபைனான்ஸின் தலைமையகம் கொச்சியில்தான். ஃபெடரல் வங்கியின் தலைமையகம் ஆலுவாவில், சவுத் இந்தியன் வங்கிக்குத் திருச்சூர். ஐ.டி. வேலை என்றால் காக்கநாடு இன்ஃபோபார்க். அது நகரத்தின் நேர் எதிர்ப் பக்கம். காக்கநாட்டில் அலுவலகத்தை வைத்துக்கொண்டு காட்சிக்காக மரைன் டிரைவில் வீடு எடுப்பது எங்கள் பார்வையில் வீண். சாயங்கால நெரிசலில் காட்சி கண்ணில் படுவதற்குள் இருட்டிவிடும்.

வாடகைக்கு எடுக்கும் முன்

முதலில் ஒரு சொல். மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் தண்ணீர். செக்யூரிட்டி 'வெள்ளமில்லா' என்றால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பொருள். நாம் நிம்மதிப் பெருமூச்சு விடக்கூடாது. தெருவில் தண்ணீர் தேங்கினால் அது 'வெள்ளக்கெட்டு'. வீடு பார்க்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆலுவாவில் பெரியாற்றிலிருந்து எடுக்கப்படுவது. கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் கடல்நீர் மேலேறி உப்பு தலைகாட்டும், அழுத்தமும் குறையும். காயல் ஓரத்து ஆழ்துளைக் கிணறு குடிக்க உதவாது. அப்போது டேங்கர் லாரிதான். ஆகவே சம்ப் கொள்ளளவு எவ்வளவு என்று கேட்டுக் கணக்குப் போடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கான அளவுகோல். 40 வீடு, வீட்டுக்கு 4 பேர் என்றால் நாளைக்கு 21,600 லிட்டர். இரண்டு நாள் தாக்குப்பிடிக்க 43,000 லிட்டருக்கு மேல் வேண்டும். சம்ப் அதில் பாதிதான் என்றால் மார்ச், ஏப்ரலில் வாளியோடு நிற்க வேண்டிவரும். டேங்கர் செலவு பராமரிப்புக் கட்டணத்தில் அடக்கமா, தனியாகப் பிரித்து வாங்குவார்களா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பெரும்பாலான சண்டை இதில்தான் தொடங்குகிறது.

அடுத்தது ஓதம். தமிழில் கடல் ஏற்றத்துக்கும் ஓதம், சுவர் ஈரத்துக்கும் ஓதம். மரைன் டிரைவுக்கென்றே செய்த சொல் போலிருக்கிறது. மலையாளத்தில் ஏற்றத்துக்கு 'வேலியேற்றம்' என்பார்கள். கொச்சியில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் தரை அவ்வளவு தாழ்வு என்பதால் அதுவே போதும். ஓடைகள் காயலில் விழும் வாய் ஏற்றத்தின்போது மூழ்கிவிடும். அந்த நேரம் பார்த்துப் பெருமழை பெய்தால் நீர் வெளியேற வழியின்றிச் சாலையில் நிற்கும். எம்.ஜி. ரோடும் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிலையமும் மூழ்குவதற்கு அடைந்த ஓடைகளோடு இதுவும் ஒரு காரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் கூடுதல். எனவே ஜூன், ஜூலையில் அப்படி ஒரு நாளில் போய் வீடு பாருங்கள். அடித்தள பார்க்கிங் தூண்களில் நீர் நின்ற கோடு தெரிகிறதா, இறங்கும் சரிவுக்கு முன்னால் மேடு கட்டியிருக்கிறார்களா, என்று பாருங்கள். நீர் இறைக்கும் மோட்டாரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மேற்குப் பார்த்த வீட்டின் விலை அதிகம், தொல்லையும் அதிகம். இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை காற்றோடு நேராக ஜன்னலில் அறையும். சறுக்கு ஜன்னலின் கீழ்ச் சட்டத்தில் நீர் வெளியே வடிய இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். தூசியும் இறந்த கொசுவும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால் சட்டம் நிரம்பி நீர் ஹாலுக்குள் வழியும். ஜன்னல் பழுது என்று ஆளைக் கூப்பிட்டுப் பணம் கொடுக்கும் முன் ஒரு குண்டூசியால் குத்திப் பாருங்கள். மே கடைசியில் ஒரு தடவை, ஆகஸ்டில் ஒரு தடவை போதும்.

பால்கனிக் கம்பிகளில் 304 ரக எஃகு போட்டிருந்தால் உப்புக்காற்றில் பழுப்புப் புள்ளி விழும், 316 தாங்கும். ஏ.சி.யின் வெளி அலகில் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றனவா பாருங்கள். உதிர்ந்தால் அடுத்த கோடைக்குள் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு யாருடையது என்று இப்போதே பேசிவிடுங்கள். ஜனவரிக்குப் பிறகு வரும் நாற்றம் வேறு வகை. மழையில் அடித்து வந்த ஆகாயத்தாமரை, இங்கே 'பாயல்', காயலில் உப்பு கூடியதும் செத்து அழுகும். கீழ்மாடிகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குப் போடுவது வழக்கம். 'பணயத்துக்கு' என்று விளம்பரம் பார்த்தால் அது நம்மூர் ஒத்தி போன்றது: மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகையின்றி இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்குவது. உரிமையாளர் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் வைத்திருந்தால் உங்கள் பணம் பின்வரிசைக்குப் போய்விடும். பதிவு செய்யாத ஒத்திக்குப் பெரிய தொகை கொடுக்காதீர்கள்.

சாமான் இறக்கும் நாளில் சுமட்டுத் தொழிலாளிகள் வந்து கேட்பார்கள். வீட்டுச் சாமானை நீங்களும் உங்கள் ஆட்களுமே இறக்கிக்கொள்ளலாம். வேலை செய்யாமல் பார்த்து நிற்பதற்குக் கூலி கேட்பது 'நோக்குகூலி'. 2018 மே 1 முதல் அரசு அதை ஒழித்திருக்கிறது. பீரோ, ஃப்ரிட்ஜ் போன்ற கனமானவற்றுக்கு அவர்களைக் கூப்பிட்டால், கூலியை வேலை தொடங்கும் முன்பே பேசி முடிவாக்கிவிடுங்கள். வாக்குவாதம் முற்றினால் தொழிலாளர் துறை அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ சொல்லலாம்.

வாங்குவதென்றால்

நீர் ஓரத்தில் கட்டட அனுமதி ஒன்றை மட்டும் நம்பி வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு மரடு சாட்சி. இங்கிருந்து சில கிலோமீட்டரில், காயல் ஓரத்தில் நின்ற நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியை மீறியவை என்று 2019 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். உள்ளாட்சியின் அனுமதி இருந்தது. கடலோர மண்டல ஆணையத்தின் அனுமதி இல்லை. வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய்தான் உத்தரவானது.

ஆகவே கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் கடிதத்தைக் கேளுங்கள். ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதியில், பழைய சாலைக்கோ அனுமதி பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம், நீர்ப்பக்கமாகக் கூடாது என்பது விதியின் சாரம். மனை வரைபடத்தில் அந்தக் கோடு எங்கே போகிறது என்று வழக்கறிஞரை வைத்துப் பார்த்துவிடுங்கள். கட்டடவரி ரசீதில் வீட்டு எண்ணுக்குப் பக்கத்தில் 'யு.ஏ.' என்று இருந்தால் அனுமதியில்லாக் கட்டடத்துக்குக் கொடுத்த எண் என்று பொருள். வரி வாங்கிக்கொண்டதால் சட்டப்படியானது ஆகிவிடாது. கட்டி முடியாத வீடு என்றால் கேரள ரேரா எனும் வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, முடிக்க வேண்டிய தேதியையும் கார்ப்பெட் பரப்பையும் (வீட்டுக்குள் உண்மையில் புழங்கும் தரையளவு) பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் சொல்லும் சதுர அடி பெரும்பாலும் அதைவிடப் பெரிது.

ஆவணப் பெயர்கள் குழப்பும். பத்திரத்துக்கு இங்கே 'ஆதாரம்', தாய்ப்பத்திரத்துக்கு 'முன்னாதாரம்', பெயர் மாற்றத்துக்கு 'போக்குவரவு'. பட்டா எங்கே என்று கேட்டால் 'பட்டயம்' என்று புரிந்துகொள்வார்கள். அது அரசு நிலத்தைப் பதித்துக் கொடுக்கும் ஆவணம், எல்லா நிலத்துக்கும் இருக்காது. நம் பட்டா செய்யும் வேலையை இங்கே வில்லேஜ் ஆபீஸின் தண்டப்பேர் எண்ணும் (உரிமையாளர் பெயரிலுள்ள நிலக் கணக்கு எண்) அந்த வருடத்துக் கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதும் சேர்ந்து செய்கின்றன. வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு எடுங்கள். நிலப்பங்கு 'ஆர்' கணக்கில் எழுதியிருக்கும்: 1 ஆர் 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட். முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்ச ரூபாய் பத்திரத்துக்கு 8 லட்சத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். வங்கிக் கடன் இதற்குக் கிடைக்காது.

நாள்தோறும்

குப்பையை மக்குவது, மக்காதது என்று பிரிக்காமல் வைத்தால் எடுக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக்கிடங்கு பற்றி எரிந்து நகரமே பல நாள் புகையில் மூழ்கிய பிறகு இதில் கண்டிப்பு கூடிவிட்டது. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனையினர் வந்து வாங்கிக்கொள்வார்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை.

உயர்நீதிமன்றப் படகுத்துறையிலிருந்து 2023 ஏப்ரல் முதல் வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. மின்படகுகள், கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தில் செய்தவை. பெரிய படகில் 100 பேர் போகலாம். வைப்பின், ஃபோர்ட் கொச்சி இரண்டுக்கும் இங்கிருந்து ஏறலாம். ஞாயிறு மாலை ஃபோர்ட் கொச்சி வரிசையில் நிற்பதைவிட, தெற்கே பிரதான ஜெட்டியில் அரசின் சாதாரணப் படகைப் பிடிப்பது மலிவு. காக்கநாடு போக, மெட்ரோ ரயிலில் வைற்றிலா இறங்கி அங்கிருந்து வாட்டர் மெட்ரோ. இரண்டுக்கும் ஒரே 'கொச்சி ஒன்' அட்டை செல்லும்.

தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். ஊரிலுள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கிய பிறகே வண்டியைக் கொண்டுவந்தால் அலைச்சல் மிச்சம். வண்டியின் மேல் கடன் இருந்தால் வங்கியின் கடிதமும் தேவை.

தமிழ்க் குரல் கேட்க வெகுதூரம் போக வேண்டாம். தர்பார் ஹால் மைதானத்தை ஒட்டிய எர்ணாகுளத்தப்பன் கோயில் வளாகத்தில் முருகன் சன்னதி உண்டு. ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியிலுள்ள தோபிக்கானா எனும் சலவைக்கூடத்தில் தலைமுறைகளாகத் துணி வெளுப்பவர்கள் தமிழர்கள். ஷண்முகம் ரோட்டைக் கிழக்கே கடந்தால் பிராட்வே, அதை ஒட்டி எர்ணாகுளம் சந்தை. காய்கறியில் பெரும்பங்கு ஒட்டன்சத்திரம், பொள்ளாச்சிப் பக்கத்து லாரிகளில் வருவதுதான், ஆனால் பெயர் மாறிவிடும். வெங்காயத்துக்கு 'சவாள', பூண்டுக்கு 'வெளுத்துள்ளி'. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் வேண்டுமென்றால் 'செறிய உள்ளி' என்று கேளுங்கள்.