வெளிறிப்போன படகு பெயிண்டை மீட்ட விதம்

ஃபைபர் படகின் நீல பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்டைத் தேய்த்தால் விரலில் மாவாக ஒட்டியது. வெயிலில் மேல்தோல் சிதைந்ததன் அடையாளம் அது. வேக்ஸ் மட்டும் பூசினால் நிற்காது.

நல்ல தண்ணீரில் உப்பும் மணலும் போகக் கழுவினேன். ஒரு மணல் தங்கினாலும் பாலிஷ் மெஷினின் பஃபில் (தேய்க்கும் பஞ்சு வட்டில்) மாட்டிக் கீறும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் நைசான உப்புத்தாள்) ஈரம் காயாமல் லேசாக ஓட்டியபின், ரப்பிங் காம்பவுண்டை (தேய்த்து மெருகேற்றும் பசை) கம்பளி பஃபில் 1200 ஆர்.பி.எம்.மில், இரண்டடிக்கு இரண்டடியாகத் தேய்த்தேன். ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறிப் பெயிண்ட் கருகும். அணியத்தின் (படகின் முன்முனை) விளிம்பில் பெயிண்ட் மெல்லிசு. அங்கே மெஷினே வேண்டாம், கைதான். துணியில் நீலம் ஏறுவது இயல்பு. ப்ரைமர் (அடிப்பூச்சு) எட்டிப் பார்த்தால் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வழியில்லை.

பிறகு நிழலில் கார்னௌபா வேக்ஸ் (பனை இலை மெழுகு), இரண்டு கோட். நீர்மட்டத்துக்குக் கீழே மட்டும் பூசக்கூடாது. பாசி தடுக்கும் பெயிண்ட் அதன்மேல் பிடிக்காமல் உரியும்.