கார் தெர்மோஸ்டாட்: கழற்றி எறிய வேண்டாம், வீட்டிலேயே மாற்றலாம்

"நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார், எடுத்துப் போட்டுடலாம்." இன்ஜின் சூடாகிறது என்று வண்டியை விட்டால் பல பட்டறைகளில் முதலில் வரும் யோசனை இதுதான். இதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். வெளியே 42 டிகிரி அடித்தாலும், இன்ஜின் வேலை செய்ய வேண்டிய 90 டிகிரிக்கு அது பாதிகூட இல்லை.

தெர்மோஸ்டாட் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வு. நடுவில் ஒரு சிறு குமிழ், அதற்குள் மெழுகு. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடு ஏறி, வால்வின் மேல் பொறித்திருக்கும் டிகிரியை எட்டும்போது (பெரும்பாலும் 82 அல்லது 88) மெழுகு உருகிப் பெருத்து ஒரு கம்பியைத் தள்ளும். வால்வு திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்க இன்னும் 10 முதல் 15 டிகிரி ஏற வேண்டும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும்.

இதை எடுத்துவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரம் பிடிக்கும். இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கூடுதலாகப் பெட்ரோல் விடும், மைலேஜ் இறங்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கி, ஆயில் மூடியின் அடியில் மோர் போலப் படியும். இன்னொரு சிக்கலைப் பலர் யோசிப்பதில்லை. பல கார்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவதாக ஒரு தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கும்போது அந்தத் தட்டு பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும் வழி) மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் பைபாஸ் எப்போதும் திறந்து கிடக்கும். சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலேயே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்க எடுத்தது டிராஃபிக்கில் சூட்டை ஏற்றிவிடும்.

முதலில் குற்றவாளி இதுதானா என்று பாருங்கள்

தெர்மோஸ்டாட் இரண்டு விதமாகக் கெடும். திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால், டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் மேலே வர வெகுநேரம் ஆகும், ஹைவேயில் வேகம் பிடித்தால் கீழே இறங்கும், ஊட்டிக்குப் போனால் ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான் வரும். ஸ்கேனரில் பி0128 (P0128) என்ற பிழைக் குறியீடு பெரும்பாலும் இதற்காகவே வரும். மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால், கிளம்பிய 10, 15 நிமிடத்திலேயே முள் சிவப்புக்குப் போகும். இது நடந்தால் வண்டியை உடனே நிறுத்துங்கள். இன்னும் 2 கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

இப்போது வரும் பல சின்னக் கார்களில் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். அப்படிப்பட்ட வண்டிக்கு ஒரு ஓபிடி (காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் சாக்கெட்) புளூடூத் அடாப்டர் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கூலன்ட் சூட்டை எண்ணாகவே மொபைலில் காட்டும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் ஹோஸ்களை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள், ஃபேன் பக்கம் கை போகாமல். இன்ஜினிலிருந்து கூலன்ட் வெளியேறும் பக்கத்தில் தெர்மோஸ்டாட் இருந்தால், மேல் ஹோஸ் சில நிமிடம் சூடேறாமல் இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று கொதிக்கும். தொடக்கத்திலிருந்தே கூடவே சூடாகிக்கொண்டு வந்தால் வால்வு மூடவில்லை என்று பொருள். டொயோட்டா, ஹோண்டா போன்றவற்றின் பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கூலன்ட் உள்ளே நுழையும் பக்கத்தில் இருக்கும். அவற்றில் கவனிக்க வேண்டியது கீழ் ஹோஸ். முள் உச்சியில் நிற்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் வால்வு திறக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அடைத்த ரேடியேட்டரும், சுற்றாத வாட்டர் பம்பும் இதே அறிகுறியைக் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹைவேயில் சரியாக இருந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடானால் ஃபேன், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பாருங்கள். கூலன்ட் அடிக்கடி குறைந்து, ரிசர்வ் டேங்கில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) பிரச்சினையாக இருக்கலாம். அதற்குத் தெர்மோஸ்டாட் மாற்றி ஒரு பயனும் இல்லை.

வாங்க வேண்டியவை

வண்டியின் மாடல், வருடம், இன்ஜின் மூன்றையும் சொல்லி தெர்மோஸ்டாட் கேளுங்கள். பழையதில் இருக்கும் டிகிரியே புதியதிலும் இருக்க வேண்டும். 88 போட வேண்டிய இடத்தில் "கூலா ஓடும்" என்று 76 போடுவது பாதி கழற்றி எறிந்ததற்குச் சமம். கூடவே புது ரப்பர் ரிங் அல்லது கேஸ்கெட் கட்டாயம். சென்னை புதுப்பேட்டையில் பழைய பொருள் எவ்வளவோ நல்லதாகக் கிடைக்கும். ஆனால் தெர்மோஸ்டாட்டை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். சில வண்டிகளில் பிளாஸ்டிக் ஹவுசிங்கோடு (அதை மூடும் உறை) சேர்த்துத்தான் வரும், அப்படியானால் முழுதாக மாற்றுவதுதான் வழி.

கூலன்ட் மேனுவலில் சொன்ன வகையாக இருக்கட்டும். நிறத்தை நம்பாதீர்கள். பச்சை, சிவப்பு என்பது கம்பெனி சேர்க்கும் சாயம் மட்டுமே. சின்ன பெட்ரோல் காரில் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 4 முதல் 5 லிட்டர், இந்த வேலைக்கு வடிப்பது 2 லிட்டர் போல. மேனுவல் 50க்கு 50 என்று சொன்னால் 1 லிட்டர் கான்சென்ட்ரேட்டுக்கு 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். ரெடி மிக்ஸ் கேனில் மேற்கொண்டு தண்ணீர் கலக்கக் கூடாது. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். குடத்தின் அடியில் படியும் அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும்.

கருவிகள் என்று பார்த்தால் 10 நம்பர், 12 நம்பர் பாக்ஸ் ஸ்பேனர், பிளேயர், புனல், அகலமான பிளாஸ்டிக் பேசின், பனியன் வேஸ்ட், கையுறை. சின்ன டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இருந்தால் மிக நல்லது.

புதியதை மாட்டும் முன் சோதியுங்கள்

இந்த 10 நிமிடத்தைச் சோம்பல்படாமல் செலவிடுங்கள். சமையலுக்கு இனி எடுக்காத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். வால்வு இடுக்கில் ஒரு நூலைச் சொருகி அதன் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டால், திறக்கும் நொடியில் நூல் நழுவும். அப்போது தெர்மாமீட்டரைப் பாருங்கள். பொறித்திருக்கும் எண்ணுக்கு இரண்டு மூன்று டிகிரி முன்பின் இருந்தால் சரி. வெளியே எடுத்து ஆறவைத்தால் முழுதாக மூட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 88 டிகிரி வால்வு நன்றாகவே திறந்து நிற்கும். ஊட்டியில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அங்கே 88 டிகிரி வால்வு கொஞ்சம்தான் திறக்கும். அதைப் பழுது என்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.

கழற்றுவது

ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் வேலையைத் தொடங்குங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் அடங்கியிருந்த கூலன்ட், மூடி நகர்ந்ததும் கொதித்துப் பீய்ச்சி முகத்தில் அடிக்கும். பல கார்களில் சாவி எடுத்த பிறகும் ஃபேன் சுற்றும் என்பதால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

மூடியைத் திறந்துவிட்டு, அடியில் பேசினை வைத்து, ரேடியேட்டரின் வடிகுழாய்த் திருகைத் தளர்த்துங்கள். அது பிளாஸ்டிக், பழைய வண்டியில் அப்பளம் போல உடையும். அசையவில்லை என்றால் மல்லுக்கட்டாமல் கீழ் ஹோஸைக் கழற்றி வடித்துக்கொள்ளுங்கள். கூலன்ட் மட்டம் தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே இறங்கினால் போதும். பழைய கூலன்ட் துருப்பிடித்த நிறத்தில் வந்தால் மட்டும் முழுதாக வடித்து, டிஸ்டில்டு வாட்டரால் அலசுங்கள்.

தெர்மோஸ்டாட் எங்கே என்று தெரியவில்லையா? ஹோஸ்கள் போய்ச் சேரும் இரண்டு முனைகளையும் பாருங்கள். இரண்டு அல்லது மூன்று போல்ட் போட்ட சின்ன மூடி போன்ற ஹவுசிங்கில் முடியும் பக்கம்தான் அது. சில இன்ஜின்களில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் புதைந்திருக்கும். கை போகாத இடம் என்றால் வீட்டில் தொடாமல் விடுவதே புத்தி.

எதையும் கழற்றும் முன் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளாம்பைப் பிளேயரால் அமுக்கிப் பின்னுக்கு நகர்த்தி, ஹோஸை இடமும் வலமும் முறுக்கினால் விட்டுக்கொடுக்கும். நெம்பினால் கழுத்து உடையும். போல்ட்கள் வெவ்வேறு நீளம் இருக்கலாம், அட்டையில் குத்தி அடையாளம் வையுங்கள். இறுகிப்போன போல்டை ஒரே மூச்சில் திருகாதீர்கள். துரு எண்ணெய் தெளித்துக் கால் மணி நேரம் விட்டு, முதலில் துளி இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட ஹவுசிங்கை ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் போதும். இடுக்கில் திருப்புளி விட்டால் ஹவுசிங் பொருந்தும் முகத்தில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே ஆயுளுக்கும் கசியும்.

மாட்டுவது

பழைய ரப்பர் ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புதியதையும் மாட்டி, "புதுசு போட்டும் கசியுது" என்று தவிப்பவர்கள் அதிகம். துளைக்குள் துணி அடைத்துவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் பொருந்தும் முகத்தைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு துணியை மறக்காமல் எடுங்கள்! ஹவுசிங்கின் கழுத்தில் வெள்ளைப் பொடியாக அரிப்பு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் ஹவுசிங்கையும் மாற்றுங்கள்.

மெழுகுக் குமிழும் ஸ்பிரிங்கும் இன்ஜின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் வால்வு நேரத்துக்குத் திறக்காது, முதல் ஓட்டத்திலேயே சூடு ஏறும். தட்டில் ஆடும் சின்னப் பின் இருந்தால் அது காற்று வெளியேறும் வழி. மேனுவல் வேறு சொல்லாதவரை மேல்பக்கம் வைத்து மாட்டுங்கள். காற்று மேலே தேங்கும் என்பதுதான் காரணம். ரப்பர் ரிங் உள்ள இடத்தில் சிலிக்கான் தடவ வேண்டாம். உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் ரேடியேட்டரை அடைக்கும்.

தெர்மோஸ்டாட் அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே மூடியை வையுங்கள். நழுவிய நிலையில் இறுக்கினால் ஹவுசிங் விரிசல் விடும். போல்ட்களை முதலில் கையால் திருகி, பிறகு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். 10 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 6 மி.மீ. போல்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும். அலுமினியத்தில் மரை போய்விட்டால் 10 நிமிட வேலை லேத் பட்டறை வேலையாகிவிடும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ஸ்பேனரைத் தலைக்கு அருகில் பிடித்து இறுக்குங்கள், நுனியில் பிடிக்காதீர்கள். ஹோஸை முழுதாக ஏற்றி, கழுத்தின் மேட்டைத் தாண்டிக் கிளாம்பை உட்காரவையுங்கள்.

காற்றை வெளியேற்றுவது

இந்த வேலை கெடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். உள்ளே காற்று தங்கினால், புது தெர்மோஸ்டாட்டின் குமிழைக் கூலன்ட் தொடாது. சூடு ஏறினாலும் அதற்குத் தெரியாது, வால்வு திறக்காது. "புதுசும் போச்சு" என்று மறுபடி கழற்றுவார்கள்.

வடிகுழாயை மூடிவிட்டு, முடிந்தால் வண்டியின் மூக்கு சற்றே மேடாக இருக்கும்படி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். காற்றுத் திருகு உள்ள வண்டி என்றால் அதைத் தளர்த்திவிடுங்கள். கூலன்டை மெதுவாக ஊற்றிக்கொண்டே மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள், குமிழிகள் வரும். காற்றுத் திருகிலிருந்து குமிழி இல்லாமல் கூலன்ட் வந்ததும் அதை மூடிவிடுங்கள். பேட்டரியை மாட்டி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏசியை அணைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே ஐடிலில் விடுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். வால்வு திறக்கும்போது மட்டம் சட்டென்று விழும், பின்பு பொங்கும், கையைத் தள்ளி வையுங்கள். குமிழி நின்றதும் கவனமாக மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். ரேடியேட்டரில் மூடியே இல்லாமல் அழுத்தமுள்ள எக்ஸ்பான்ஷன் டேங்க் மட்டும் இருக்கும் வண்டியில் முறை மாறும், மேனுவலைப் பாருங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள். அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதித்துவிடும்.

வடித்த கூலன்டைச் சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம், தெருநாய் நக்கினால் செத்துப்போகும், குழந்தைக்கும் ஆபத்து. கேனில் அடைத்து, பெயர் எழுதி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கேட்டுப் பாருங்கள்.

முதலில் 10 கிலோமீட்டர் வீட்டைச் சுற்றியே ஓட்டுங்கள். முள் நடுவில் வந்து நிற்க வேண்டும். ஓபிடி வைத்திருந்தால் 85க்கும் 100க்கும் இடையே எண் ஊசலாடுவது வழக்கம். மறுநாள் காலை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து பாருங்கள். கால் லிட்டர் குறைந்திருந்தால் கவலை வேண்டாம், மிச்சமிருந்த காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து ஹவுசிங்கைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த பச்சை அல்லது இளஞ்சிவப்புத் தடம் தெரிந்தால் போல்டை மேலும் முறுக்க வேண்டாம், திரும்பக் கழற்றி ரிங் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.